காமார்கோவின் காலடியை வரைந்தவர்

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் புகழ்பெற்ற நடனக் கலைஞர் காமார்கோவை ஓவியர் நிக்கோலா லாங்க்ரே வரைந்த படத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அது உருவப்படமா, இல்லை பூங்காவில் நடக்கும் ஏதோ கற்பனைக் கொண்டாட்டமா என்பது முதலாவது. பாவாடையின் நீளத்தைக் குறைத்தவரும் காலணியின் குதியை நீக்கியவரும் காமார்கோதான் என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அதற்கு இந்தப் படம் சாட்சி சொல்கிறதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என் பதில், உருவப்படம்தான். ஆனால் படத்தில் இருப்பவர் யாரென்று ஓவியர் அடையாளம் காட்டுவது முகத்தை வைத்து அல்ல, காலை வைத்து. இரண்டாவதற்கு, அந்தச் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். மரி-ஆன் த குப்பி த காமார்கோ 1710இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். தந்தை இசைக்காரர், நடன ஆசிரியரும்கூட. காமார்கோ என்பது தந்தைவழியில் கலந்த ஸ்பானியக் குடும்பப் பெயர். மேடைக்கு அது எடுப்பாக இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. சிறு வயதிலேயே பாரிஸுக்கு அனுப்பப்பட்டு, அந்நாளில் ஒப்பெரா என்னும் இசைநாடக மேடையின் முதன்மை நடனக் கலைஞராக இருந்த பிரான்சுவாஸ் ப்ரெவோவிடம் பயின்றார். 1726 மே மாதம், பதினாறு வயதில், பாரிஸ் ஒப்பெராவில் அரங்கேறினார். ஆடியது குருவின் புகழ்பெற்ற தனி நடனத்தையே. அரங்கம் ஆர்ப்பரித்தது. குருவுக்கு அது பிடிக்கவில்லை என்றும், மாணவியைக் குழுவினரோடு பின்வரிசையில் நிற்க வைத்தார் என்றும், ஒரு நாள் ஆண் நடனக்காரர் ஒருவர் தன் முறைக்கு மேடையேறாமல் போக, பின்வரிசையிலிருந்து பாய்ந்து வந்து அவர் பாகத்தைக் காமார்கோ ஆடி முடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மேடைப் புராணம் என்று பிரிப்பது கடினம். ஆனால் கதையின் உள்ளே இருக்கும் செய்தி மெய்யானது: அவர் ஆண்களின் பாகத்தை ஆடினார்.

இதன் கனத்தை உணரச் சற்றுப் பின்னால் போக வேண்டும். பாரிஸ் ஒப்பெரா மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஆடத் தொடங்கியதே 1681இல்தான். அதற்கு முன் அங்கே பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண்கள் வந்த பிறகும் தாவல், குதிப்பு, காற்றில் கால் பின்னுதல் எல்லாம் ஆண்களின் சொத்தாகவே இருந்தன. பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது தரையை விட்டு எழாத, நளினமான, நிதானமான ஆட்டம். காமார்கோ இந்த எல்லையைத் தாண்டினார். செங்குத்தாக மேலே எழும்பி, இறங்குவதற்குள் கால்களை ஒன்றின் முன் ஒன்றாகக் குறுக்கே மாற்றி அடிக்கும் ஆந்த்ரஷா என்ற அசைவைப் பெண்களிடையே பெயர்பெறச் செய்தவர் அவர்தான். ஆண் மாதிரி ஆடிய முதல் பெண் என்று எழுத்தாளர் வால்தேர் அவரைக் குறிப்பிட்டார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வால்தேர் விஷயத்தில் எப்போதும் கொஞ்சம் ஐயம் வைத்துக்கொள்வது நல்லது என்றாலும்.

இப்போது ஓவியர். லாங்க்ரே 1690இல் பாரிஸில் பிறந்தார், தந்தை வண்டியோட்டி. க்ளோத் ஜியோ என்ற ஓவியரிடம் பயின்றார். அதே ஜியோவிடம் முன்பு இருந்தவர்தான் அந்த்வான் வாத்தோ. பூங்கா, மரநிழல், பட்டாடை, இசை, காதல் பேச்சு என்று ஒரு தனி ஓவிய வகையை வாத்தோ உருவாக்கினார். அதற்கு அரச ஓவியக் கழகம் 1717இல் தனிப் பெயரே கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. ஃபெத் கலாந்த் என்பது அந்த வகையின் பெயர். இரண்டு ஆண்டு கழித்து லாங்க்ரேயும் அதே வகை ஓவியராகக் கழகத்தில் சேர்ந்தார். வாத்தோ 1721இல் இளம் வயதிலேயே இறந்துவிட, அந்த வகையின் சந்தை பெருமளவு லாங்க்ரே கைக்கு வந்தது. வாத்தோவின் நிழல் என்று அவரை ஒதுக்கிவிடும் விமர்சகர்கள் நிறையப் பேர். வாத்தோவின் துயரமும் புகைமூட்டமும் இவரிடம் இல்லை என்பது சரிதான். ஆனால் இவரிடம் வேறொன்று இருந்தது. லாங்க்ரே விடாமல் நாடகம் பார்த்தவர். அவர் இறந்ததும் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்பே அதைச் சொல்கிறது. மேடைக்காரர்களின் உடம்பு எப்படி நிற்கும், எப்படித் திரும்பும் என்பது அவர் கண்ணில் படிந்திருந்தது. நடிகர் கிராங்வாலை அவர் வரைந்த படத்திலும் அது தெரியும்.

இனிப் படத்துக்கு வருவோம். காமார்கோவை லாங்க்ரே 1730 வாக்கில் ஒரு முறை அல்ல, பல முறை வரைந்தார். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஒன்று, லண்டன் வாலஸ் சேகரிப்பில் ஒன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜில் ஒன்று, பிரான்ஸின் நாந்த் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கின்றன. வாஷிங்டன் படம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய அகலம் கொண்டது. அதில் அவருடன் ஒரு ஆண் துணை ஆடுகிறார். வாலஸ் படம் ஏறக்குறைய அதில் பாதி அளவு. அங்கே அவர் தனியாக ஆடுகிறார். நீங்கள் பார்த்தது துணையோடு இருக்கும் படம் என்று நினைக்கிறேன்.

அந்த வாஷிங்டன் படத்தில் சுற்றிலும் அடர்ந்த மரங்கள். நடுவில் ஒரு வெட்டவெளி. இடப்பக்கம் தழைகளுக்குள் இசைக்கலைஞர்கள் பாதி மறைந்து அமர்ந்திருக்கிறார்கள். இருபுறமும் பார்வையாளர் கூட்டம். கூட்டத்தின் ஆடைகள் பழுப்பும் பசுமையுமாக மரநிழலில் கரைந்துபோக, நடுவில் வெளிர் வெண்ணிறப் பட்டுப் பாவாடை மட்டும் விளக்கேற்றியதுபோல் நிற்கிறது. விளக்கு என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. மேலே வானம் இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன. அப்படியானால் ஒளி எல்லார் மேலும் விழ வேண்டும். விழவில்லை. மெழுகுவத்திச் சரங்களின் வெளிச்சத்தில் முன்மேடையில் நிற்பவருக்கு மட்டும் கிடைக்கும் ஒளி அது. மரங்கள் பக்கத் திரைகள்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன, வாத்தியக்காரர்கள் ஒதுங்கி இருக்கிறார்கள், ஆடுமிடம் சமதளமாக இருக்கிறது. பலே ரோயால் மாளிகையிலிருந்த ஒப்பெரா அரங்கத்தை அப்படியே தூக்கித் தோட்டத்துக்குள் வைத்துவிட்டார் லாங்க்ரே. ஆகவே கற்பனைக் காட்சியா என்றால், இடம் கற்பனை. ஆள் கற்பனை அல்ல.

முகத்தைக் கவனியுங்கள். வட்டமான, சாதாரணமான, லாங்க்ரே வரைந்த பத்துப் பெண்களில் எவருக்கும் பொருந்தக்கூடிய முகம். இதை வைத்துத்தான் சிலர் உருவப்படம் அல்ல என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்து ஒப்பெராவில் ஆண் நடனக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டே ஆடினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நொவேர் என்ற நடன அமைப்பாளர் 1760இல் முகமூடியை எதிர்த்து எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகும் அது ஒழிய ஆண்டுகள் பிடித்தன. நடனக் கலைஞரை முகத்தால் அறிவது அன்றைய ரசிகரின் பழக்கமே இல்லை. மாடத்தில் அமர்ந்திருப்பவருக்கு மெழுகுவத்திப் புகையினூடே தெரிந்தது காலும் கையும் நிற்கும் நிலையும்தான். அந்த ரசிகருக்காக வரைந்த படம் இது.

ஒரு கால் உடலின் எடையைத் தாங்கி நிற்கிறது. மற்றக் கால் முன்னே நீண்டு, நுனிப்பாதம் தரையைத் தேடுகிறது. இரண்டு பாதங்களும் வெளிப்புறம் திரும்பியிருக்கின்றன; நம் பரதநாட்டிய மாணவர்கள் அரைமண்டியில் முழங்காலை வெளித்திருப்பப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, இடுப்பிலிருந்து வரும் அந்தத் திருப்பத்தின் அருமை சொல்லாமலே தெரியும். கைகள் தோளுக்குக் கீழேயே விரிந்திருக்கின்றன. அசைவு முழங்கையிலும் மணிக்கட்டிலும்தான். பிற்காலப் பாலேயில் கைகள் தலைக்கு மேல் உயர்ந்து வளையமிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அடக்கமாகத் தோன்றும். ஆனால் 1725இல் பாரிஸில் பியேர் ராமோ வெளியிட்ட நடனப் பயிற்சி நூல் கைகளுக்கு விதிக்கும் ஒழுங்கு இதுதான். ஓவியர் பார்த்து வரைந்திருக்கிறார், குத்துமதிப்பாக வரையவில்லை.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த சங்கதி வேறு. தாவலுக்குப் பேர்போன ஒருவரை வரைகிறார், தாவலை வரையவில்லை. இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. சோம்பேறித்தனம் என்று நினைக்கத் தோன்றலாம். காற்றில் உறைந்த உடம்பை வரைந்தால் அது பறப்பதுபோல் தெரியாது, யாரோ கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் தெரியும். எழும்பப்போகும் நொடியை வரைந்தால் மிச்சத்தைப் பார்ப்பவரே முடித்துக்கொள்வார். எடை பின்னங்காலில் இருக்கிறது, பாவாடை ஒரு பக்கம் சாய்ந்து கிளம்பியிருக்கிறது. அடுத்த தாளத்தில் அவர் தரையில் இருக்க மாட்டார். புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒருவர் எத்தனை மாலைகள் ஒப்பெராவில் உட்கார்ந்திருக்க வேண்டும்!

1731இல் லொரான் கார் இந்தப் படத்தைச் செதுக்கு அச்சாக வெளியிட்டார். படம் வாங்க வசதியில்லாத ரசிகர்களின் வீட்டுச் சுவருக்கு இப்படித்தான் காமார்கோ போய்ச் சேர்ந்தார். அச்சின் அடியில் நான்கு அடிப் பாட்டு ஒன்று, காமார்கோவே பேசுவதாக அமைந்தது. தாள விதிக்கு நான் உண்மையானவள், ஆனால் மிகத் துணிச்சலான அடவுகளைக் கலையின் விருப்பப்படி அமைக்கிறேன், பாலோன்களோடும் ப்ளோந்திகளோடும் என்னால் போட்டியிட முடியும் என்பது அதன் பொருள். பாலோன், ப்ளோந்தி இருவரும் அன்றைய பெரிய ஆண் நடனக் கலைஞர்கள். அழகி என்றோ தேவதை என்றோ ஒரு சொல் இல்லை. ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே, 1731இல், தொழில்திறனை மட்டும் பேசும் வாசகம். உருவப்படமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

இந்தப் படத்தை முழுதாக அறிய இதன் ஜோடியையும் பார்க்க வேண்டும். காமார்கோவுக்கு ஒரு போட்டியாளர் இருந்தார்: மரி சாலே. அவரும் ப்ரெவோவின் மாணவிதான். சந்தைத் திடல் நாடகக் குழுவில் வளர்ந்தவர். குதிப்பில் ஆர்வம் இல்லாதவர்; பாவமும் கதையும் அவர் பலம். பாரிஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1732இல் வால்தேர் இருவரையும் ஒரே பாட்டில் வைத்து எழுதினார்: காமார்கோ, நீ எவ்வளவு பளிச்சென்று இருக்கிறாய், ஆனால் சாலே, அடடா, மனத்தைக் கொள்ளை கொள்கிறாள், வனதேவதைகள் உன்னைப்போல் குதிக்கிறார்கள், ஆனால் நளினத் தேவியர் ஆடுவது அவளைப்போல். பாராட்டுவதுபோல் பாராட்டிக் காமார்கோவின் காலை வாரிவிட்டார்.

அதே ஆண்டு லாங்க்ரே சாலேயையும் வரைந்தார். படத்தில் சாலே ஒரு வனத்தில் ஆடுகிறார். அருகே கன்னித் தெய்வமான தியானாவின் கோயில். பின்னணியில் மூன்று நளினத் தேவியர் கைகோத்து ஆடுகிறார்கள். வால்தேரின் வரியைத் தூரிகையால் திருப்பி எழுதியதுபோல் இருக்கிறது. சாலே ஒழுக்கத்துக்குப் பேர் வாங்கியவர், நடனக் கலைஞர்களைப் பணக்காரப் பிரபுக்கள் விலை பேசிய காலத்தில். கோயில் அதைச் சொல்கிறது. காமார்கோ படத்தில் கோயிலும் இல்லை, தேவியரும் இல்லை. ஆட்டமும் பார்க்கும் கூட்டமும் மட்டும்தான். ஒருவரின் குணத்தைக் குறியீடுகளால் சொல்லியும், மற்றவரின் திறனை உடம்பால் சொல்லியும் முடித்திருக்கிறார். ஓவியமாக எனக்குப் பிடித்தது இரண்டாவது. சாலே படத்தில் அலங்காரம் கொஞ்சம் பாடம் எடுக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. படத்தில் பாவாடை கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கிறது. பாதத்தின் வேலை முழுவதும் தெரிகிறது. குறுக்கே அடிக்கும் காலைப் பார்க்க வேண்டுமானால் பாவாடை அவ்வளவாவது உயர்ந்துதான் ஆக வேண்டும் என்பது பொது அறிவு. ஆனால் லாங்க்ரேயின் வேறு படங்களைப் புரட்டுங்கள். மேய்ப்பர் பெண்கள், தோட்டத்தில் ஆடும் சாதாரணப் பெண்கள், பலருக்கும் கணுக்கால் தெரிகிறது. அந்த வகை ஓவியத்தின் வழக்கமான உடை அது. ஆகவே இந்த ஒரு படத்தைக் காட்டி ஒப்பெரா மேடையில் பெரிய புரட்சி நடந்தது என்று சொல்ல முடியாது.

பாவாடையைக் குறைக்கத் துணிந்த முதல் பெண் காமார்கோ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கிரிம் என்ற ஜெர்மானிய எழுத்தாளர்; ஐரோப்பிய அரசவைகளுக்குப் பாரிஸ் வம்பு தும்புகளை எழுதி அனுப்பியவர். அவர் பாரிஸுக்கு வந்தது 1749 வாக்கில். காமார்கோ மேடையை விட்டது 1751இல். அதாவது கிரிம் பார்த்திருக்கக்கூடியது ஒரு நீண்ட தொழில்வாழ்வின் கடைசிப் பக்கத்தை மட்டும். 1726இல் பாவாடை எங்கே நின்றது என்று அவர் சொல்வது கேள்விப்பட்ட கதை. காமார்கோ உள்ளே காற்சட்டை அணிந்தாரா இல்லையா என்று ஊரே விவாதித்ததாகவும் கதைகள் உண்டு. அதை எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குதி விஷயம் இன்னும் பலவீனமானது. காமார்கோவின் காலத்தில் மேடை நடனக் காலணிக்குக் குதி உண்டு. குதியில்லாத மென்காலணி பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில், பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி. குதியை எடுத்தவர் காமார்கோ என்ற கதை, பிற்காலத்தவர் தங்கள் காலணியைப் பார்த்துவிட்டு அதற்கொரு மூதாதையைத் தேடியதால் பிறந்தது என்பது என் எண்ணம். காமார்கோவின் பெயரில் காலணி விற்றது என்பது மட்டும் உண்மை. அவர் காலணி செய்பவருக்கு நல்ல காலம் பிறந்தது. தலையலங்காரத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள். ஒரு நடனக் கலைஞரின் பெயர் கடைத்தெருவில் விலைபோனதற்கு இது ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று.

முகம் எப்படி இருந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் லாங்க்ரேயை விட்டு விலகி, மொரீஸ் கான்தேன் த லா தூரிடம் போக வேண்டும். வண்ணச் சுண்ணக்கட்டியால் அவர் வரைந்த காமார்கோவின் தலை மட்டும் கொண்ட ஆய்வுப் படம், அவர் பிறந்த ஊரான சேன்-கான்தேன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரழகு இல்லை, உயிர்ப்பு இருக்கிறது. இயற்கை இவருக்கு அழகையும் உயரத்தையும் வடிவத்தையும் கொடுக்கவில்லை, ஆனால் ஆட்டம் துள்ளலும் மகிழ்ச்சியும் நிறைந்தது என்ற பொருளில் நொவேர் எழுதியது இந்த முகத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் ஆள் முழுதாகக் கிடைக்கிறார்.

கடைசியாக, இந்தப் படங்கள் யார் கைக்குப் போயின என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தனியாகவே ஒரு கதை. வாஷிங்டனில் இருக்கும் காமார்கோவும், இன்று ஜெர்மனியின் ரைன்ஸ்பெர்க் அரண்மனையில் இருக்கும் சாலேயும் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் சேகரிப்பைச் சேர்ந்தவை. லாங்க்ரே என்றால் அவருக்கு உயிர். நடனக் கலைஞர்களின் படங்களோடு நிற்காமல் ஆடுபவரையும் விரும்பினார். இத்தாலியின் பார்மாவில் பிறந்து பாரிஸில் பெயர் வாங்கிய நடனக் கலைஞர் பார்பரா கம்பானினி, ‘லா பார்பரினா’, பெர்லினில் ஆட ஒப்பந்தம் செய்துகொண்டு, பிறகு ஒரு ஸ்காட்லாந்துக் காதலரோடு வெனிஸுக்குப் போய்விட்டார். வெனிஸ் அரசு அவரை அனுப்ப மறுத்தது. தன் நாட்டு வழியாகப் போன வெனிஸ் தூதர் ஒருவரின் பெட்டி படுக்கைகளை ஃபிரெடெரிக் பறிமுதல் செய்துவைத்தார். வெனிஸ் இறங்கிவந்தது. 1744இல் காவலோடு பெர்லினுக்குக் கொண்டுவரப்பட்ட பார்பரினாவுக்கு ஆண்டுக்கு 7,000 தாலர் (அன்றைய பிரஷ்ய வெள்ளி நாணயம்) சம்பளம். அவரை அரசவை ஓவியர் அந்த்வான் பேன் 1745 வாக்கில் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு, டாம்பரின் என்னும் கைப்பறையை ஏந்தி ஆடுபவராக வரைந்தார். அதை மன்னர் பெர்லின் அரண்மனையில் தன் எழுத்து அறையிலேயே மாட்டிக்கொண்டார். ஆணின் கால்கள் அவளுக்கு இருந்ததால்தான் மன்னருக்குக் கொஞ்சம் காதல் என்று வால்தேர் தன் நினைவுக் குறிப்பில் குத்தினார்.

பேனின் படம் இப்போது பெர்லின் சார்லோட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. அதோடு லாங்க்ரேயை ஒப்பிட்டால் வேறுபாடு உடனே பிடிபடும். பேன் வரைந்தவர் நம்மைப் பார்த்து ஆடுகிறார், மன்னரின் அறைக்கு வந்த விருந்தாளிபோல. லாங்க்ரே வரைந்தவருக்குத் தாளத்தைத் தவிர வேறு கவனம் இல்லை. வாஷிங்டன் கூடத்தின் இணையதளத்தில் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பாதத்தில் தொடங்கி மேலே போங்கள். பெரும்பாலானவர்கள் முகத்தில் தொடங்கி அங்கேயே ஏமாந்துவிடுகிறார்கள்.